தலைமுடிதானே என்று சொல்லாதீர்கள்



இங்கிலாந்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம், "டீச்சர், பனி பார்த்தீங்களா? லண்டன் பாலம் பார்த்தீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். எல்லாம் பார்த்தேன். ஆனால் மனதில் தங்கிப்போனது வேறு ஒரு விஷயம். தலைமுடி. சிரிக்காதீர்கள். கொஞ்சம் நீளமான பதிவு. டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மகள் இருப்பது வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அடுத்த வீட்டில் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தி. அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள். என் பேத்தியோடு ஒரே வகுப்பு. அவள் என்னை "மா" என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் ஊரில் வயதில் பெரிய பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம். என் காதுக்கு அது "அம்மா" என்றே விழுந்தது. அதனாலேயே ஒட்டிக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் அம்மாவும் பெண்ணும் கோட்டு, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று பதறிப் போய்க் கேட்டேன். "இல்லை மா, தலை பின்னப் போகிறோம்" என்றாள். எங்கே? பர்மிங்காமுக்கு. ரயில் மாறிப் போக இரண்டரை மணி நேரம். அங்கே பின்னுவதற்கு ஐந்து மணி நேரம். திரும்பி வர மறுபடி இரண்டரை மணி நேரம். ஆறு, ஏழு வாரத்துக்கு ஒரு தடவை இந்தப் பயணம். ரயில் செலவையும் பின்னல் கூலியையும் சேர்த்தால் நூறு பவுண்டைத் தாண்டிவிடும்.

"ஏம்மா, நம்ம கடைத்தெருவிலேயே ஆறு சலூன் இருக்கே?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

வந்த புதிதில் அவளும் அங்கேதான் போனாளாம். ஒரு சலூனில் போனில் நேரம் கொடுத்துவிட்டு, நேரில் பார்த்ததும், "இந்த மாதிரி முடிக்கு நாங்கள் செய்வதில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழந்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு சலூனில் பாவம், நல்ல மனதோடுதான் முயற்சி செய்திருக்கிறார்கள். ஆனால் நுரைக்க நுரைக்க ஷாம்பு போட்டு, காய்ந்த முடியில் நெருக்கமான சீப்பை உச்சியிலிருந்து இழுத்திருக்கிறார்கள். முடி கொத்துக்கொத்தாக ஒடிந்து வந்ததாம். சூப்பர் மார்க்கெட்டில் ஷாம்புவுக்கென்று ஒரு முழு வரிசை இருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தேன். அந்தக் குழந்தையின் தலைக்கு ஆகிற மாதிரி ஒரு டப்பா கூட இல்லை.

இந்த இடத்தில் உங்கள் சயின்ஸ் டீச்சர் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடி தோலுக்குள் ஒரு சின்னப் பையிலிருந்து முளைக்கிறது. அந்தப் பை நேராக இருந்தால் முடி நேராக வரும். வளைந்திருந்தால் முடியும் வளைந்து வரும். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு அந்தப் பை நன்றாக வளைந்திருக்கும். முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். அதனால் முடி ஸ்பிரிங் மாதிரிச் சுருளும். தலைத்தோலில் ஊறுகிற எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கும். சுருளில் அது இறங்காது. ஆகவே முடி சீக்கிரம் வறண்டுபோகும். ஒவ்வொரு வளைவும் ஒடியக்கூடிய இடம். தினமும் ஷாம்பு போட்டால் இருக்கிற எண்ணெயும் போய்விடும். முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். இழுத்துப் பார்த்தால் முதுகு வரை வரும் முடி, விட்டால் காது பக்கத்தில் சுருண்டு நிற்கும். "வளரவே வளராத முடி" என்று பலர் நினைப்பது இதனால்தான். வளரும். சுருண்டுகொள்வதால் நீளம் தெரிவதில்லை.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியுமா? தெரியாது. முப்பத்து நாலு வருஷம் சயின்ஸ் எடுத்தவளுக்குத் தெரியாது. முதல் வாரமே நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பெருமையாக அவளிடம் நீட்டி, "இதைத் தினமும் அப்பு, எல்லாம் சரியாகும்" என்றேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மா, எண்ணெய் ஈரத்தைக் கொடுக்காது. இருக்கிற ஈரத்தைப் போகாமல் மூடிவைக்கும். முதலில் தண்ணீர், பிறகு க்ரீம், அதற்கு மேல்தான் எண்ணெய்." மேற்கு ஆப்பிரிக்காவில் ஷியா மரத்துக் கொட்டையிலிருந்து எடுக்கிற வெண்ணெயைக் காட்டினாள். அவள் பாட்டி காலத்திலிருந்து இருக்கிற வைத்தியம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பின்னல் என்பது அவர்களுக்குச் சும்மா அலங்காரம் இல்லை, ஒரு பெரிய கலை. யொருபா மக்கள் உச்சியில் கூடை மாதிரிக் குவித்துப் பின்னுகிற பின்னலுக்கு 'சுக்கு' என்று பெயர். ஒஜேகெரே என்ற நைஜீரியப் புகைப்படக்காரர் 1968-இல் தொடங்கி, தன் நாட்டுப் பெண்களின் தலையலங்காரங்களை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் படம் எடுத்திருக்கிறார். அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்தவள், ஒரு சீப்பு பிடிக்கத் தெரிந்த கைக்காக இரண்டு ரயில் மாற வேண்டியிருக்கிறது.

இது இந்த ஒரு வீட்டுக் கதையும் இல்லை. சிமமாண்டா அடிச்சி 2013-இல் எழுதிய 'அமெரிக்கானா' நாவல் தொடங்குவதே இப்படித்தான். பிரின்ஸ்டனில் இருக்கிற நைஜீரியப் பெண், முடி பின்ன அங்கே ஆள் இல்லாமல் ரயில் ஏறி டிரென்டனுக்குப் போகிறாள். உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் இருக்கிற ஊர்!

"சரி டீச்சர், கஷ்டம்தான். ஆனால் உயிர் போகிற பிரச்சினையா?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தலையை எப்படிப் பராமரிப்பது என்று அறிந்தவர் பக்கத்தில் இல்லாதபோது, 'ஒழுங்காக வா' என்று ஆபீசும் பள்ளிக்கூடமும் சொல்லும்போது, எளிதாகக் கைக்கு வருவது முடியை நேராக்குகிற ரசாயனம். பழைய வகைகளில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. எட்டாம் வகுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள் என்று நான் கத்துவேனே, அதே காஸ்டிக் சோடாதான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 33,497 பெண்களைப் பதினோரு வருஷத்துக்குப் பக்கமாகத் தொடர்ந்து கவனித்து, 2022-இல் ஒரு முடிவு வெளியிட்டது. முடி நேராக்கும் பொருள்களை வருஷத்தில் நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு, 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம். பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம். அதில் அந்தப் பொருள்களைப் பயன்படுத்தியவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். ரசாயனம்தான் காரணம் என்று இது முழுதாக நிரூபித்துவிடவில்லை. தொடர்பு இருக்கிறது என்று காட்டுகிறது. ஆனால் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அந்த டப்பாவைத் தொட விடுவோமா?

இன்னொரு விஷயமும் அவள் சொன்னாள். அவள் வேலை பார்க்கிற வார்டில் ஜமைக்காவிலிருந்து வந்து அங்கேயே வாழ்ந்து வயதான ஒரு பாட்டி. மூன்று வாரமாகப் படுக்கையில். குளிப்பாட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், சாப்பாடு ஊட்டினார்கள். தலையை மட்டும் யாரும் தொடவில்லை. தொடக் கூடாது என்று இல்லை, எப்படித் தொடுவது என்று தெரியவில்லை. முடி சிக்குப் பிடித்துக் கம்பளி மாதிரி ஆகிவிட்டது. இவள் டியூட்டி முடிந்த பிறகு தன் வீட்டிலிருந்து க்ரீமும் சீப்பும் கொண்டுபோய், இரண்டு நாள் உட்கார்ந்து சிக்கெடுத்துப் பின்னிவிட்டிருக்கிறாள். பாட்டி கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்து அழுதாராம். 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் கரீபியன் மக்கள் அந்த நாட்டுக்கு வந்து இறங்கியது 1948-இல். நேற்று வந்தவர்கள் இல்லையே. முக்கால் நூற்றாண்டு போதாதா, ஒரு சீப்பு பிடிக்கப் பழக?

இதை வீட்டில் சொன்னபோது மருமகன் கணக்குப் பேசினார். "அத்தை, அந்த ஊரில் மொத்தம் பத்துக் குடும்பம் இருந்தால் அதிகம். அதை நம்பி எவன் கடை போடுவான்?" என்றார். நியாயமான கேள்விதான். நானும் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

மறுநாள் அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். தனிக் கடை போடச் சொல்லவில்லை. இருக்கிற ஆறு சலூனில் இருக்கிறவர்களுக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். அந்த சலூன்காரப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. நீண்ட காலமாக அந்த நாட்டில் சிகையலங்காரம் படித்தவர்கள் ஆப்பிரிக்க முடியைத் தொடாமலேயே படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட முடிந்தது. அது தனிப் பாடமாக இருந்தது. விருப்பம் இருந்தவர்கள் மட்டும் படித்தார்கள். 2021-இல்தான் தொழில் தரவிதிகளைத் திருத்தி, எல்லா வகை முடியையும் பொதுப் பாடத்துக்குள் கொண்டுவந்தார்கள். நம் ஊர் டாக்டர் ஒருவர், "நான் இடது கையை மட்டும்தான் பார்ப்பேன், வலது கை விருப்பப் பாடம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? இனிமேல் படித்து வருகிறவர்கள் மாறுவார்கள். ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்கும் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும்.

அது மட்டும் இல்லை. அந்த ஊருக்கு நர்ஸ் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி அழைத்தார்கள். அவளுடைய கை வேண்டும், உழைப்பு வேண்டும் என்றால், அவளும் குழந்தையும் அங்கே மனுஷர்களாக நடமாடத் தேவையானதும் இருக்க வேண்டும் அல்லவா? ஊருக்குப் புதிதாக வருகிற டீச்சருக்கு வீடு பார்த்துக் கொடுத்து, பால்காரரைச் சொல்லிவிடுவோமே, அதே மரியாதைதான்.

மாற்றம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கலிபோர்னியா 2019-இல் முதல் முதலாக, முடியின் இயல்பைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ யாரையும் ஒதுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. இப்போது அமெரிக்காவில் 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறது. நாடு முழுவதற்குமான சட்டம் 2022-இல் கீழவையில் நிறைவேறியும் மேலவையைத் தாண்டவில்லை. இங்கிலாந்தில் சமத்துவ ஆணையம் 2022-இல் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நீச்சலில் கூடப் பாருங்கள். அடர்ந்த சுருள்முடி அடங்குகிற மாதிரிப் பெரிதாகச் செய்த தொப்பியை 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு சர்வதேச நீச்சல் சம்மேளனம் அனுமதிக்கவில்லை. அதே ஒலிம்பிக்ஸில்தான் அலிஸ் டியரிங், ஒலிம்பிக் நீச்சலில் பிரிட்டனுக்காக இறங்கிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருஷம் அந்தத் தொப்பியை அனுமதித்தார்கள். ஒரு தொப்பிக்கே இத்தனை போராட்டம்!

இதில் நமக்கு என்ன என்று நினைக்கிறீர்களா? இருக்கிறது. ஒரு நாள் அவள் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினாள். விசேஷ நாளில் வைத்துக்கொள்கிற சவுரி. பெட்டியின் மேல் 'இந்திய முடி' என்று அச்சடித்திருந்தது. நாம் பழனியிலும் திருத்தணியிலும் சமயபுரத்திலும் திருப்பதியிலும் இறக்குகிற முடி ஏலம் போய், சுத்தமாகி, சவுரியாகவும் விக்காகவும் கப்பலேறுகிறது. அதை வாங்குகிறவர்களில் பெரும் பங்கு கறுப்பினப் பெண்கள். விலையைக் கேட்டு எனக்குப் பேச்சு வரவில்லை. ஏழு கடல் தாண்டி நம் நேர்முடி அவள் வீட்டு அலமாரி வரை வந்துவிட்டது. அவள் சொந்த முடிக்கு ஏற்ற கண்டிஷனர் பக்கத்துக் கடை வரை வரவில்லை. யாருக்கு எது லாபமோ அதற்கு மட்டும் வழி திறக்கிறது.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. எழுதாவிட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்லை.

தொண்ணூறுகளில் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல சுருட்டை முடி. எவ்வளவு எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை போட்டாலும் ரெண்டாவது பீரியடுக்குள் நெற்றியைச் சுற்றி எழுந்து நிற்கும். "பரட்டை, போய்த் தலையைச் சீவிக்கிட்டு வா" என்று எத்தனையோ நாள் பிரேயரிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் நானே சீப்பை எடுத்து, எல்லோர் முன்னாலும் இழுத்துச் சீவிவிட்டேன். அவள் கண்ணில் தண்ணீர். வலி என்று நினைத்தேன். வெட்கம் என்று இப்போது தெரிகிறது. அதற்குப் பிறகு அவள் கை தூக்கி ஒரு கேள்வி கூடக் கேட்டதில்லை. ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றுதான் அன்றைக்கு நம்பினேன்.

2016-இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவில் ஒரு பழைய பெண்கள் பள்ளியில், தங்கள் இயல்பான முடியை ஒழுங்கீனம் என்று சொன்ன விதியை எதிர்த்து மாணவிகளே நின்றார்கள். அந்தச் செய்தியை மகள் படித்துக் காட்டியபோது எனக்கு என் வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. அங்கே இருந்ததில் நிறவெறியின் நீண்ட வரலாறும் இருக்கிறது. நான் செய்ததையும் அதையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'உன் தலை பிறந்தபடி இருப்பதே தப்பு' என்று ஒரு குழந்தையிடம் சொன்னேன். அதைச் சொன்ன வாய் என்னுடையதுதான்.

பிள்ளைகளே, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

லண்டனிலும் டொரொன்டோவிலும் மளிகைக் கடை, அழகு சாதனக் கடை வைத்திருக்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஒரு தட்டை ஒதுக்குங்கள். எது வைக்க வேண்டும் என்று வாங்குகிறவர்களிடமே கேளுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

நர்ஸாகவும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்க்கிறவர்கள், நனைத்த முடி, அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து மேலே என்ற மூன்றையும் ஞாபகம் வையுங்கள். சக ஊழியர்களுக்கும் சொல்லுங்கள்.

அழகு நிலையம் வைத்திருக்கிறவர்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று போனிலேயே மரியாதையாகச் சொல்லுங்கள். முடிந்தால் கற்றுக்கொள்ளுங்கள். தொடர்ந்து இறுக்கிப் பின்னினாலும் நெற்றியோரம் முடி நிரந்தரமாகப் போய்விடக்கூடும். அதுவும் கற்க வேண்டிய விஷயம்தான்.

நம் ஊர்க் கல்லூரிகளுக்கும் ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்க வருகிறார்கள். அவர்கள் தலையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். "இதை எப்படிக் குளிப்பாய்?" என்று கேட்காதீர்கள். வீடு வாடகைக்குக் கொடுத்திருந்தால், பின்னத் தெரிந்த சிநேகிதி ஞாயிற்றுக்கிழமை வந்து ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் முகம் சுளிக்காதீர்கள். வேறு வழியில்லாமல்தான் வருகிறாள்.

டீச்சராக இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. மேலே எழுதியதைப் படித்தாலே போதும்.

அந்த சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு அம்மாவும் பெண்ணும் திரும்பி வந்தார்கள். குழந்தை வாசலில் நின்று தலையை ஆட்டிக் காட்டியது. பின்னல் நுனியில் கோத்த மணிகள் கலகலவென்று சத்தம் போட்டன. என் பேத்தி ஓடிவந்து பார்த்துவிட்டு, "ஆச்சி, எனக்கும் இந்த மணி வேணும்" என்றாள். அந்தக் குழந்தை தன் பையிலிருந்து மிச்சம் இருந்த நாலு மணியை எடுத்துக் கொடுத்தது. பத்து மணி நேரத்துக்கு மேல் அலைந்து வந்த அம்மா, மறுநாள் காலை டியூட்டிக்குப் போக வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

என் வகுப்பில் படித்த அந்தப் பெண்ணுக்கு: நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், கமெண்ட்டில் எழுத வேண்டாம். போன் பண்ணு. நம்பர் பழைய நம்பர்தான். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மற்றவர்கள் உங்கள் ஊரில் நிலைமை எப்படி என்று கீழே எழுதுங்கள். பொறுமையாகப் படித்துப் பதில் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்